புது கம்பெனி க்ரூஸில் முதல் பயணமா? 'கப்பல்னா கப்பல்தானே'னு ஏறிடாதீங்க!

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'கார்டீலியா எம்ப்ரஸ்' கிளம்பிய பிறகுதான், 'க்ரூஸ்' என்ற வார்த்தை நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புகளுக்குள் வந்தது. அடுத்த ஆண்டே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் போய்வந்தது அந்தக் கப்பல். அதில் ஒருமுறை போய்வந்தவர்கள் பலரும் அடுத்து பார்ப்பது சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் கப்பல்களை. பினாங்கு, ஃபூகெட் என்று 3 ராத்திரி, 4 ராத்திரி பேக்கேஜ்கள் இன்ஸ்டாவில் வந்துகொண்டே இருக்கின்றன.

நீங்களும் அப்படி ஒன்றை புக் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மாவின் கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸ். உங்கள் சேமிப்பில் பெரும்பகுதி இதில் போயிருக்கிறது. 'நமக்குத்தான் ஏற்கெனவே க்ரூஸ் அனுபவம் இருக்கே, கப்பல்னா கப்பல்தானே' என்று நினைத்தால், அங்கேதான் சறுக்கும். ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரு வழக்கம் இருப்பதுபோல, ஒவ்வொரு க்ரூஸ் கம்பெனிக்கும் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாமல் போனால், 'இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்'னு அம்மா சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்? பார்ப்போம்.

கம்பெனியின் ஜாதகத்தைப் பாருங்கள்

கப்பல் கம்பெனிகளும் மூடப்படும். இந்தியாவில் 2019 ஏப்ரலில் 'கர்ணிகா' கப்பலோடு தொடங்கிய ஜலேஷ் க்ரூஸஸ், கொரோனா அடியைத் தாங்க முடியாமல் 2020 அக்டோபரில் மூடப்பட்டது. கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் சரிந்தபோது, அதன் 'ட்ரீம் க்ரூஸஸ்' பிராண்டும் நின்றுபோனது. அந்த பிராண்டின் 'கெந்திங் ட்ரீம்' கப்பல்தான், அதே ஆண்டு ஜூனில் 'ரிசார்ட்ஸ் வேர்ல்ட் க்ரூஸஸ்' என்ற புதுப் பெயரில் சிங்கப்பூரில் இருந்து மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

அதனால், புது கம்பெனியில் முழுப் பணத்தையும் கட்டும் முன் மூன்று விஷயங்கள். ஒன்று, முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள்; சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். இரண்டு, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் படியுங்கள். மூன்று, டிராவல் இன்ஷூரன்ஸில் கம்பெனி திவாலானால் கவரேஜ் இருக்கிறதா, கப்பலில் செய்யும் மருத்துவச் செலவுக்கு கவரேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், அவர் ஃபீஸ் டிக்கெட்டில் சேராது.

கம்பெனி புதுசு, கப்பல் பழசா?

பெயரை வைத்து வயதைச் சொல்ல முடியாது. கார்டீலியா எம்ப்ரஸ், 1990-ல் ராயல் கரீபியன் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட கப்பல். அப்போது அதன் பெயர் 'நார்டிக் எம்ப்ரஸ்'. கெந்திங் ட்ரீம் 2016-ல் கட்டப்பட்டது. பழைய கப்பல் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால், கேபின் சின்னதாக இருக்கலாம், பால்கனி அறைகள் குறைவாக இருக்கலாம்.

நெரிசல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' என்பது எடை அல்ல. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான அளவு. அதை, அறைக்கு இருவர் வீதம் கணக்கிட்ட பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கெந்திங் ட்ரீமுக்கு சுமார் 1,50,000-ஐ 3,350-ஆல் வகுத்தால், 45 வரும். தாராளம்! கார்டீலியா எம்ப்ரஸுக்கு இதே கணக்கு 30-ஐ ஒட்டி வரும். 30-க்குக் கீழே போனால் பஃபே வரிசையில் பொறுமை தேவைப்படும்.

டிக்கெட் விலை வேறு, மொத்த செலவு வேறு

'ஒருவருக்கு இவ்வளவுதான்' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் அதோடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து டிப்ஸ். பல பெரிய கம்பெனிகள் இதை உங்களிடம் கேட்பதே இல்லை. தினமும் உங்கள் கணக்கில் தானாகவே ஏற்றிவிடும். அமெரிக்கக் கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 டாலர். 18 டாலர் என்றே வையுங்கள். நான்கு பேர், மூன்று ராத்திரி என்றால் 216 டாலர். நம் பணத்தில் 18,000 ரூபாயைத் தாண்டும். கடைசி நாள் காலையில் பில்லைப் பார்த்து அப்பா முகம் மாறும் இடம் இதுதான்.

சாதாரணமாக, பெரிய டைனிங் ஹால் சாப்பாடு, பஃபே, ஷோக்கள், நீச்சல் குளம் எல்லாம் டிக்கெட்டில் அடங்கும். கூல்டிரிங்க்ஸ், மது, வைஃபை, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா, கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் ஆகியவை தனி. ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றில் ராத்திரி டைனிங் டேபிளில் கேட்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட காசு!

கப்பலுக்குள் பணம் புழங்காது. ரூம் கார்டைத் தட்டினால் போதும். தட்டுவது சுலபம், அதனால்தான் கணக்கு ஏறுவது தெரியாது. தினமும் ராத்திரி ஆப்பில் பில்லைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஆரம்பத்தில் டெபிட் கார்டைக் கொடுத்தால், அதில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். பயணம் முடிந்தும் அது திரும்பி வரச் சில நாள்கள் ஆகலாம்.

அம்மாவுக்கு தயிர்சாதம் கிடைக்குமா?

இந்தியப் பயணிகளை மனதில் வைத்து நடக்கும் கப்பலில் இட்லி, சாம்பார், ஜெயின் சாப்பாடு எல்லாம் கேட்காமலேயே இருக்கும். சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் கெந்திங் ட்ரீமிலும் இந்திய சைவ உணவு உண்டு. ஆனால், மேற்கத்திய கம்பெனியில் 'வெஜிடேரியன்' என்றால் பாஸ்தாவும் சாலட்டும்தான் என்று ஆகிவிடலாம். மூன்றாவது நாள் அம்மா பிரெட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு வழி இருக்கிறது. புக்கிங்கின்போதே சைவம், அலர்ஜி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். முதல் நாள் டின்னரிலேயே ஹெட் வெயிட்டரிடம் சொல்லுங்கள். கேட்டால், அடுத்த நாளுக்கு இந்தியச் சாப்பாடு செய்துதரும் பழக்கம் பல கப்பல்களில் இருக்கிறது. சமையலறையில் நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

சாப்பாட்டு நேரமும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். சிலவற்றில் மாலை 5.30-க்கு ஒரு பந்தி, 8 மணிக்கு ஒரு பந்தி என்று நேரம், டேபிள் எல்லாம் ஃபிக்ஸ். நார்வேஜியன் க்ரூஸ் லைன் 2000-ம் ஆண்டு வாக்கில் 'நினைத்த நேரத்தில் வாங்க' என்று இந்த முறையை மாற்றியது. குனார்ட் போன்ற கம்பெனிகளில் சில ராத்திரிகளுக்கு கோட்-சூட் வேண்டும். கவலை வேண்டாம், பட்டுப்புடவையும் அங்கே ஃபார்மல்தான்.

ரூம் எடுக்கும்போது கவனம்

விலை குறைந்த 'இன்சைட்' அறையில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா, இரவா என்றே தெரியாது. 'கடல் தெரியும்' என்று போட்டிருக்கும் அறைகளிலும் சிலவற்றில் உயிர்காப்புப் படகு மறைத்துக்கொண்டு நிற்கும். டெக் பிளானைப் பார்த்து, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். மேலே டிஸ்கோ இருந்தால், அப்பாவுக்குத் தூக்கம் போச்சு!

கடல் ஒத்துக்காது என்று பயமா? கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் எடுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். ஓர் அறையில் நான்கு பேர் என்றால், இரண்டு படுக்கைகள் பெரும்பாலும் மேலே இருக்கும். ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்களோடு போனால் இதை முன்பே யோசியுங்கள். யாரும் வெளியே கேட்கத் தயங்கும் ஒரு விஷயம்: மேற்கத்திய கப்பல்கள் பலவற்றில் டாய்லெட்டில் ஹெல்த் ஃபாசெட் இருக்காது. ஒரு மக் எடுத்துப் போனால் புண்ணியம்.

அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் பெரும்பாலான கம்பெனிகள் ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். பெரிய பெட்டியை துறைமுகத்தில் கொடுத்தால் மாலைக்குள்தான் ரூமுக்கு வரும். அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு செட் துணி இவை கைப்பையில் இருக்கட்டும்.

விசாவையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். மல்டிபிள் என்ட்ரி விசாவா என்று உறுதி செய்யுங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். அவை அடிக்கடி மாறும்.

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். சில கம்பெனிகளில் எல்லோரையும் ஒரே நேரத்தில் நிற்க வைப்பார்கள். சிலவற்றில் போனிலேயே வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கான இடத்துக்குப் போய் கார்டை ஸ்கேன் செய்தால் முடிந்தது. 'போன தடவையே பார்த்தாச்சு'னு வீடியோவைத் தள்ளிவிடத் தோன்றும்.

2012 ஜனவரி 13. கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் இத்தாலியில் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அது மறுநாளுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. கப்பல் கிளம்பி 3 மணி நேரத்துக்குள் விபத்து. அதுவரை, 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பதுதான் சர்வதேச விதி. அதன் பிறகே, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம் என்று மாற்றி, 2015 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

கப்பல் மாறினால் நீங்கள் கூட வேண்டிய இடமும் மாறும். அந்த இடத்துக்கு அப்பா, அம்மாவை ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடத்திக் கூட்டிப்போங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கூடாது. ஏழு குட்டி ஒலி, அடுத்து ஒரு நீண்ட ஒலி கேட்டால், அந்த இடத்துக்குப் போக வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர்கள் போய்ச்சேர வேண்டும். பத்து நிமிஷ வேலைதான்.

போனை நம்பி மோசம் போகாதீங்க

கரை மறைந்ததும் போன், கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது, கட்டணம் எகிறும். ஏறியதும் எல்லோருடைய போனிலும் ஏரோபிளேன் மோடு போடுங்கள், அம்மா போனையும் சேர்த்து. கப்பலின் ஆப்பை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். ஆளைத் தொலைத்தால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசி வையுங்கள்.

இறங்கும் நாளில் நேரம் முக்கியம். ஃபூகெட் நேரம், சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். கரையில் உங்கள் போனோ தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருக்கும். போன் 4 மணி காட்டும்போது கப்பலில் 5! கப்பல் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கம்பெனியின் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகவே டாக்ஸி பிடித்துப் போனால், காத்திருக்காது.

ஊர்ப் பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். 'கோலாலம்பூர்' என்று போட்டிருந்தாலும், கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு ரோட்டில் ஒரு மணி நேரமாவது ஆகும். கிளாம்பாக்கத்தில் இறங்கிவிட்டு தி.நகர் வந்தாச்சு என்று நினைப்பது மாதிரிதான்.

கடைசி ராத்திரி

பெட்டியை ராத்திரியே ரூம் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் அதை டெர்மினலில்தான் பார்ப்பீர்கள். மறுநாள் போடும் துணியை வெளியே எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால், நைட்டியோடு சிங்கப்பூர் இமிக்ரேஷனில் நிற்க வேண்டியிருக்கும்.

அன்று அலாரம் வைத்துக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, அப்பா, அம்மாவை மேல் டெக்குக்குக் கூட்டிப்போங்கள். ஆளுக்கொரு டீயோடு கப்பல் மெதுவாகத் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பாருங்கள். அந்த டீக்கு மட்டும் தனி பில் கிடையாது.