கறுப்புச் சேவல், கறுப்புப் பெட்டை... வெள்ளைக் குஞ்சு எப்படி வந்தது?

சேவல் கறுப்பு. பெட்டையும் கறுப்பு. அடைவைத்த முட்டைகள் பொரித்து, குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகு பார்த்தால், ஒன்றிரண்டு மட்டும் பளிச்சென்று வெள்ளை!

உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். 'பக்கத்து வீட்டுச் சேவல் வேலை', 'முட்டையை மாத்திட்டாங்க', 'ஜாதிக்கோழின்னு சொல்லி ஏமாத்திட்டான்' என ஆளுக்கொரு தீர்ப்பு. கடைசியில் பெட்டை குழம்புக்குப் போகும், விற்றவருக்குக் கெட்ட பெயர் வரும். ஆனால், பல நேரங்களில் இதில் யார் மீதும் தப்பே இல்லை.

இரண்டு சீட்டு கணக்கு

பத்தாம் வகுப்பில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடி ஞாபகம் இருக்கிறதா? அதே விதி கோழிக்கும் பொருந்தும் என்று இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1902-லேயே காட்டிவிட்டார்.

நிறத்துக்கான மரபணுவை ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோழியிடமும் இரண்டு சீட்டுகள் இருக்கும். குஞ்சுக்கு அப்பா ஒன்று, அம்மா ஒன்று கொடுக்கும். 'நிறம்' சீட்டு ஒன்று இருந்தாலே போதும், இறகு கறுப்பாகிவிடும். கூடவே இருக்கும் 'வெள்ளை' சீட்டு வெளியே தெரியாது. இதைத்தான் ஒடுங்கு பண்பு என்கிறோம்.

இரண்டு கறுப்புக் கோழிகளும் ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டை ஒளித்து வைத்திருந்தால், ஒரு குஞ்சுக்கு இரண்டுமே வெள்ளையாகக் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவிகிதம். அதற்காக 12 குஞ்சில் சரியாக 3 வெள்ளை வரும் என்று அர்த்தமில்லை. நாணயம் சுண்டுவதுபோலத்தான், ஒன்றுகூட வராமலும் போகலாம், ஐந்தும் வரலாம்.

இந்தச் சீட்டில் என்னதான் கோளாறு? இறகுக்குக் கருநிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவுக்குள், எப்போதோ ஒரு பழைய வைரஸின் துண்டு புகுந்து உட்கார்ந்துவிட்டது. விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தது 2006-ல். இறகு வெளுத்தாலும் கண் மட்டும் கருமையாகவே இருக்கும் என்பதால், இவை அல்பினோ கோழிகள் அல்ல.

அப்போ பக்கத்து வீட்டுச் சேவல்?

அதையும் முழுசாக விட்டுவிட முடியாது. சேவலோடு சேர்ந்த பிறகு, பெட்டையின் உடலில் விந்தணு இரண்டு, மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். அதோடு, எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. முட்டைப் பண்ணைகளில் பார்க்கும் ஒயிட் லெகார்ன் கோழியின் வெள்ளை, ஓங்கு பண்பு. அதற்கு ஒரு சீட்டே போதும். அந்தச் சேவல் கறுப்புப் பெட்டையோடு சேர்ந்தால் பெரும்பாலும் அத்தனை குஞ்சுகளும் வெள்ளைதான், அங்கங்கே கறுப்புப் புள்ளிகளோடு. ஆனால் குஞ்சின் வெள்ளை ஒடுங்கு வகை என்றால், எந்தச் சேவல் வந்திருந்தாலும் பாதிப் பங்கு உங்கள் பெட்டையுடையது!

வெள்ளையை விற்றால் தீர்ந்துவிடுமா?

தீராது. கூடப்பிறந்த கறுப்புக் குஞ்சுகளில் சராசரியாக மூன்றில் இரண்டு, வெள்ளைச் சீட்டை ரகசியமாகச் சுமக்கும். அடுத்த தலைமுறையில் அது மறுபடி தலைகாட்டும்.

கறுப்பு மட்டுமே வேண்டும் என்பவர்கள், வெள்ளைக் குஞ்சு பெட்டையாக இருந்தால் விற்காதீர்கள். அது வளர்ந்ததும், நீங்கள் வாங்க நினைக்கும் கறுப்புச் சேவலோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலும் அந்தச் சேவலிடம் வெள்ளைச் சீட்டு இருக்கிறது. வரிசையாக ஏழு குஞ்சும் நிறத்தோடு வந்தால், அது ஒளித்து வைத்திருக்கும் வாய்ப்பு 1 சதவிகிதத்துக்கும் குறைவு.

ஒரு விஷயம், பொரித்த அன்றே முடிவு செய்துவிடாதீர்கள். கறுப்பு ரகக் குஞ்சுகள் பலவற்றுக்கும் வயிற்றுப் பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். இறகு முளைக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையை அதுவரையாவது தள்ளிவைக்கலாமே!