படிப்பை நிறுத்தும் முன்...



போன மாதக் கூட்டத்தில் ஓர் அக்கா சந்தா கட்டிவிட்டு அழுதார். "பொண்ணு இன்ஜினியரிங் வேணாம்ங்குது. மூணு பாடம் அரியர். பேங்க்ல கடன் வேற இருக்கு" என்றார். இது பல வீட்டுக் கதைதானே!

முதலில் காரணத்தைக் கேட்போம். தமிழ்வழியில் படித்த பிள்ளையை முதல் வருடம் ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்து மிரட்டும். அரியரை அடுத்த பருவத்தில் மறுபடி எழுதலாம். அதற்காகவே படிப்பை விட வேண்டாம்.

பாடமே பிடிக்கவில்லை, சாப்பாடு தூக்கம் இல்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. ஊர்ப்பேச்சைவிட பிள்ளை முக்கியம்.

நிறுத்துவதானால் கவனிக்க வேண்டியவை:

* படிப்பை விட்டாலும் கல்விக் கடனைக் கட்டியே ஆகணும். வங்கியில் முன்பே பேசுங்கள்.
* 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் பிள்ளை படிப்பை விட்டால், அதுவும் நின்றுவிடும்.
* அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. இது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு.
* அடுத்து என்ன படிப்பு என்று முடிவான பிறகே டி.சி. வாங்குங்கள்.

அந்த அக்கா மகளோடு கல்லூரிக்குப் போய் ஆசிரியரிடம் பேசினார். கணக்கை மட்டும் மறுபடி எழுதிப் பார்க்கிறாள். ரிசல்ட் வந்ததும் முடிவு மகளுடையது. அவசர முடிவு வேண்டாம். உங்கள் குழுவிலும் பேசுங்கள்.