போகி நெருப்பும் ஜப்பான் நெருப்பும்



மார்கழி வந்தாச்சு. மூலக்கொத்தளத்தில் இனி போகி மேளம் சத்தம்தான். "இந்த வருஷம் நம்ம தெருவுக்கு எத்தனை டயர்?" என்று இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. நம்மைப் போலவே குளிர்காலத்தில் பழையதை எரிக்கும் இன்னொரு நாடு இருக்கிறது. அதுதான் ஜப்பான்.

ஜப்பானியர்கள் 1873ஆம் ஆண்டு முதல் ஆங்கில நாட்காட்டியைப் பின்பற்றுகிறார்கள். அதனால் அவர்களுக்குப் புத்தாண்டு ஜனவரி 1. அதற்கு முன்பே வீடு, கடை, பள்ளி எல்லாவற்றையும் சுத்தம் செய்வார்கள். இதற்கு 'ஓசோஜி' என்று பெயர். நாம் போகிக்கு ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசுவது போலத்தான். டிசம்பர் 31 நள்ளிரவில் புத்தர் கோயில்களில் 108 முறை மணி அடிப்பார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சின்ன உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நமக்குப் பொங்கல் காசு மாதிரி! நமக்குப் பொங்கல் என்றால் அவர்களுக்கு 'மோச்சி'. பசை அரிசியை ஆவியில் வேகவைத்து உரலில் இடித்துச் செய்வது. இரண்டுமே அரிசிதான்.

ஜனவரி 15ஐ ஒட்டி 'தொண்டோயாகி' நடக்கும். புத்தாண்டுக்கு வாசலில் வைத்த வைக்கோல் கயிறு, மூங்கில், பைன் கிளை எல்லாவற்றையும் குவித்து எரிப்பார்கள். மாணவர்கள் அந்த ஆண்டில் முதன்முதலாகத் தூரிகையால் எழுதிய தாளையும் அதில் போடுவார்கள். அது உயரப் பறந்தால் கையெழுத்து அழகாகும் என்பது நம்பிக்கை. (அப்படியென்றால் நான் ஒரு கட்டுத் தாள் போட வேண்டும்!) பிறகு அந்தத் தணலில் மோச்சி சுட்டுத் தின்பார்கள். தின்றால் ஆண்டு முழுவதும் நோய் வராதாம்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். தின்கிற பண்டத்தையே அந்த நெருப்பில் சுடுகிறார்கள். நம் டயர் நெருப்பில் ஒரு சோளக்கதிர் சுட்டுத் தின்ன முடியுமா? பல கோயில்களில் அலங்காரத்தில் உள்ள பிளாஸ்டிக்கையும் கம்பியையும் பிரித்து எடுத்த பிறகே எரிக்கிறார்கள்.

நம் புகை ஏன் சீக்கிரம் போவதில்லை? பகலில் தரை சூடாக இருப்பதால் காற்று மேலே எழும்பும், புகையும் கூடவே போகும். மார்கழி இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதன்மேல் கொஞ்சம் சூடான காற்று சட்டி மேல் மூடி போட்ட மாதிரி நிற்கும். கீழே எரிப்பது கீழேயே தங்கும். பனியும் சேர்ந்தால் எதிரே வருபவர் தெரியமாட்டார். 2018 ஜனவரி 13 போகி அன்று சென்னையில் இப்படித்தான் புகைமூட்டம் சூழ்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. டயர் புகையில் கரித்தூளும் கந்தக டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன.

இதை நான் எழுதக் காரணம் என் தம்பி. அவனுக்கு வீசிங் உண்டு. போன போகிக்கு விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நெபுலைசர் வைத்த பிறகுதான் கண் திறந்து பார்த்தான். காணும் பொங்கலுக்கு எல்லாரும் மெரினா போனார்கள். நாங்கள் போகவில்லை. "அக்கா, பீச்சுல போலீஸ்காரங்க கையில பட்டை கட்டுவாங்களே, எனக்கு எப்ப கட்டுவாங்க?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் மெக்கானிக் கடையிலிருந்து அந்த டயரை உருட்டிக்கொண்டு வந்ததில் நானும் ஒருத்தி.

போகியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிழிந்த பாய், பழைய துடைப்பம் கொஞ்சம் போதும். டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். மேளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அதில் புகை வராது! இந்த வருஷம் டயர் கேட்டு வருபவர்களிடம் நீங்களும் "வேணாம்" என்று சொல்லுங்கள். என் தம்பிக்குக் கையில் பட்டை கட்ட வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி