மாடியில் சாலட் கீரை: கட்டுப்படியாகுமா?

"ஏம்மா, மண்ணே இல்லாம கீரையா? யாரு வாங்குவாங்க?" என்று சிரித்தார் மாமியார். மார்கழிக் குளிரில், மொட்டை மாடிக் குழாய்களில் சத்து நீரை ஓடவிட்டு லெட்யூஸ் நட்டேன். விதைத்த 45-ஆம் நாள் தளதளவென்று நின்றது.

வாங்கத்தான் ஆளில்லை! "இதுல கூட்டு வைக்கலாமா?" என்றார்கள் அக்கம்பக்கத்தில். பாதி வாடிக் குப்பைக்குப் போயிற்று. மாமியார் கேட்டதுதான் சரியான கேள்வி!

பிறகு ஓர் ஓட்டலில் பேசினேன். வாரம் 2 கிலோ கேட்டார்கள். அந்த அளவுக்கே விதைக்கிறேன்.

நீரின் பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். கரன்ட் போய் மோட்டார் நின்றால் வேர் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் தண்டு நீண்டு இலை கசக்கும். அப்போது எனக்கு விடுமுறை!

சகோதரிகளே, முதலில் வாங்குபவரைத் தேடுங்கள். அப்புறம் விதை வாங்கலாம்.