மக்கள் என்பவர் யார்? தெல்தோட்டை மலைகளின் வாக்குரிமைக் கதை

தெல்தோட்டைக்கு அருகில் லூல்கந்துரா தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த மலை அது. அதே ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவிலிருந்து வந்து லூல்கந்துராவில் மண்வெட்டி பிடித்த தமிழனுக்கு அந்தச் சட்டத்தில் பங்கில்லை.

பிரித்தானியாவில் அந்த உரிமை படிப்படியாகத்தான் வந்தது. 1832இல் நடுத்தர வர்க்கம், 1867இல் நகரத் தொழிலாளர், 1884இல் கிராமத் தொழிலாளர், 1918இல் முப்பது வயதைக் கடந்த பெண்களில் பெரும்பகுதியினர் என்று பட்டியல் நீண்டது. ஆணும் பெண்ணும் 21 வயதில் சமமாக வாக்களித்தது 1928க்குப் பிறகே. பிரெஞ்சுப் பெண்கள் 1944 வரையும் சுவிஸ் பெண்கள் 1971 வரையும் காத்திருந்தார்கள்.

இலங்கையில் 1931இலேயே டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களித்தார்கள். ஆனால் தோட்டத் தமிழருக்கு மட்டும் தனிக் கேள்வி எழுந்தது: நீ இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவன் என்பதற்கு ஆதாரம் என்ன? சான்றிதழோ நிரந்தர வதிவிடமோ காட்ட முடிந்தவர்களே பட்டியலில் ஏறினர். அப்படியிருந்தும் அந்த முதல் தேர்தலில் ஹட்டனிலிருந்து தெரிவான, அச்சமூகத்தவரான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார்.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் க. இராஜலிங்கமும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வெற்றிபெற்றனர். லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) மக்களின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலித்த அந்தக் காலம் நீடிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவரும் தம் தகப்பன் இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் கைக்கு வராத லயத்தில் பூட்டன் பிறந்த ஊருக்கு யார் சாட்சி சொல்வார்? அடுத்த ஆண்டு, பிரஜை அல்லாதவரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கும் தேர்தல் திருத்தமும் வந்தது. 1946 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,80,000 பேராக இருந்த ஒரு சமூகத்தில் பெரும்பாலோர் இப்படி நாடற்றவர் ஆனார்கள்.

அந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் ‘தோட்டத் தமிழர்’ என்ற சொல்லே இல்லை. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைபோல எழுதப்பட்டது. விழுந்ததோ அவர்கள் தலையில். அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எந்த ஒரு சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைத் தடுத்தது. பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த கொடக்கன்பிள்ளை வழக்கில் அந்தப் பிரிவே வாதமாக வைக்கப்பட்டது. ஆனால் 1953இல் லண்டன் கோமறைக் கழகம் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்று சொல்லிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு, ஐரோப்பிய நீதிமன்றத்திலேயே தோற்றுப்போனது. மக்களாட்சி என்பதில் ‘மக்கள்’ யார் என்பதைப் பெரும்பான்மையிடமே விட்டுவிட்டால், தேர்தல் ஒழுங்காக நடந்தும் ஒரு சமூகம் காணாமற்போக முடியும். மலையகத்தில் அதுதான் நடந்தது.

1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டனர். மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கப்படும் என்றார்கள். 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் சிதறின. எஞ்சியவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் பிரஜாவுரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

வாக்கு திரும்பியும் ஆட்சி தோட்டத்துக்குள் எளிதில் வரவில்லை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபை பணம் செலவழிப்பதைக் கட்டுப்படுத்தியது. உறுப்பினரைத் தோட்ட மக்களே வாக்களித்து அனுப்பினாலும், தங்கள் லயத்து வாசல் பாதையைச் செப்பனிடச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அதற்குத் தோட்ட முகாமையாளரான துரையின் தயவு வேண்டியிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இன்றும் பல குடும்பங்கள் வாழும் லயக் காம்பிராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. கடிதங்கள் பல தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வருகின்றன.