கண்ணுக்குத் தப்பியதைக் காட்டும் மாக்ரோ லென்ஸ்



"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கடுகைப் படம் முழுக்கப் பெரிதாக எடுத்துக் காட்டுவதுதான் மாக்ரோ லென்ஸின் வேலை. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. தெரிந்ததை எழுதுவோமே என்று இதை எழுதுகிறேன். இந்த லென்ஸை நான் ஆசைக்காகத் தொடவில்லை. ஒரு அவசரத்துக்காகத் தொட்டேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உடைந்த ஷாஃப்ட்

என் அப்பா ஒரு மாவு மில்லில் மெஷின் ஓட்டுகிறார். கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அரைத்துக்கொண்டிருக்கும்போதே அரவை மெஷினின் ஷாஃப்ட் புல்லி ஓரத்தில் 'டக்'கென்று இரண்டாக உடைந்துவிட்டது. 40 மி.மீ. விட்டமுள்ள இரும்பு. நல்ல வேளை, அப்பாவுக்கு அடி எதுவும் படவில்லை.

"ஏம்பா, ஒரேயடியா லோடு போட்டு உடைச்சுட்டியே! 6,800 ரூபாய் செலவு. வாரம் 500 பிடிச்சுக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்பா பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நான் எப்பவும் போடுற அளவுதான்டா போட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்மா, "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, என்னான்னு பாரேன்" என்றார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மில்லுக்குப் போய் உடைந்த துண்டைப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஒரு பக்கம் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. மறு பக்கம் பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது. வகுப்பில் படித்த 'ஃபெடீக்' பாடம் ஞாபகம் வந்தது. ஒரே நாளில் அதிக லோடால் உடைந்திருந்தால் முகம் முழுக்கப் புதிய உடைப்பாகத்தான் இருக்கும். சிறு விரிசல் விழுந்து பல நாளாக வளர்ந்து உடைந்திருந்தால், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு போல வளைவு வளைவான வரிகள் தெரியும். ஆனால் அந்த வரிகள் மிக நுண்ணியவை. செல்போனை வைத்து எடுத்தேன். ரொம்பக் கிட்டப் போனால் படம் கலங்கியது. தள்ளி எடுத்தால் வரி தெரியவில்லை. போதாததற்குப் போனின் நிழல் வேறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போகிறேன். அங்கே உள்ள அண்ணன் கல்யாண மோதிரம், தாலி படம் எடுக்க வைத்திருக்கும் கேமராவைப் பற்றிக் கேட்டேன். "திங்கட்கிழமை காலையில எடுத்துட்டுப் போ தம்பி. சாயங்காலம் வந்துரணும்" என்றார். ஒலிம்பஸ் இ-எம்10 என்ற சிறிய மிரர்லெஸ் கேமராவும், ஒலிம்பஸ் 60 மி.மீ. மாக்ரோ லென்ஸும் இப்படித்தான் என் கைக்கு வந்தன.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அதுதான் ஒளியை மேலே உள்ள பார்வைத் துளைக்குத் திருப்பும். படம் எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். அது ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதால் லென்ஸைத் தள்ளித்தான் வைக்க முடியும். நிக்கான் எஃப் வகையில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் 46.5 மி.மீ.

2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' என்ற முறையை அறிவித்தன. இதில் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்ப்பதை நேராகத் திரையில் காட்டிவிடும். அதனால் அந்தத் தூரம் 19.25 மி.மீ. ஆகக் குறைந்தது. கேமராவும் லென்ஸும் சிறுத்துப்போயின. 2012-இல் வந்த இந்த 60 மி.மீ. மாக்ரோவின் எடை 185 கிராம்தான்.

1:1 என்பதன் பொருள்

மாக்ரோ லென்ஸில் '1:1' என்று போட்டிருப்பார்கள். பொருளின் நிஜ அளவும், சென்சார் மேல் விழும் பிம்பத்தின் அளவும் சமம் என்று அர்த்தம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் அளவு 17.3 × 13 மி.மீ. ஆகவே 1:1-இல் ஒரு ரூபாய் நாணயம்கூட முழுதாகப் படத்தில் அடங்காது! 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1-க்கு எவ்வளவு இடம் அடங்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடம் இந்தச் சின்ன சென்சாரில் பாதி உருப்பெருக்கத்திலேயே அடங்கிவிடும். சென்சார் சிறியதாக இருப்பது இங்கே நமக்கு லாபம்.

என் ஷாஃப்டின் விட்டம் 40 மி.மீ. சென்சாரின் உயரம் 13 மி.மீ. முழு முகமும் தெரிய வேண்டுமானால் 13-ஐ 40-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 1/3. முதலில் 1/3-இல் முழு முகத்தை எடுத்தேன். பிறகு விரிசல் ஆரம்பித்த ஓரத்தை மட்டும் 1:1-இல் எடுத்தேன்.

இன்னொரு கணக்கும் முக்கியம். இந்த லென்ஸ் 1:1-க்குப் போகும்போது பொருள் சென்சாரிலிருந்து 19 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதில் 19.25 மி.மீ. கேமராவுக்குள் போய்விடும், லென்ஸின் நீளம் 82 மி.மீ. போய்விடும். மிச்சம் சுமார் 9 செ.மீ. லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே வெளிச்சம் நுழைய இந்த இடைவெளி போதும். 2016-இல் வந்த ஒலிம்பஸ் 30 மி.மீ. மாக்ரோ இதைவிடச் சற்று அதிகமாக, 1.25 மடங்கு வரை பெரிதாக்கும். ஆனால் அதன் முனையிலிருந்து பொருளுக்கு ஒன்றரை செ.மீ. அளவுதான் இடம் இருக்கும். லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழுந்துவிடும். மாக்ரோ லென்ஸ் வாங்குபவர்கள் விலையோடு இந்த இடைவெளியையும் விசாரிக்க வேண்டும்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு: அபர்ச்சரை முழுக்கத் திறந்து எஃப் 2.8-இல் எடுத்தேன். 1:1-இல் அப்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 0.17 மி.மீ.தான். உடைந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும்போது ஒரு கீற்று மட்டும் தெளிவாக வந்தது. மற்றதெல்லாம் பனிமூட்டம்.

இரண்டாம் தவறு: அப்படியானால் முழுக்கச் சுருக்கிவிடுவோம் என்று எஃப் 22-இல் எடுத்தேன். ஆழம் கிடைத்தது, ஆனால் படம் முழுக்க மொழுக்கென்று இருந்தது. காரணம் 'டிஃப்ராக்‌ஷன்'. மிகச் சிறிய துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவும். புள்ளியாக விழ வேண்டியது வட்டமாக விழும். அதிலும் 1:1-இல் அபர்ச்சர் எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு போலச் செயல்படும். எஃப் 8 என்று வைத்தால் எஃப் 16 போல. ஆகவே எஃப் 5.6-லிருந்து எஃப் 8 வரைதான் நடுவழி. எஃப் 8-இல் 1:1-க்குச் சுமார் அரை மி.மீ. ஆழம் கிடைக்கும். 1/3-க்கு வந்தால் அதுவே கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆகிவிடும். இதனால்தான் தேவைக்கு மேல் பெரிதாக்கக் கூடாது.

மூன்றாம் தவறு: ஆட்டோ ஃபோகஸை நம்பியது. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருந்தது. இந்த லென்ஸின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. அதை 0.19 – 0.4 மீட்டர் என்ற இடத்தில் வைத்தால் தூரத்தில் தேடாது. '1:1' என்ற இடத்துக்குத் திருப்பினால் லென்ஸ் நேராக 1:1-க்குப் போய் நிற்கும். அதன் பிறகு வளையத்தைத் தொடாமல், கேமராவையோ பொருளையோ மெதுவாக முன்னே பின்னே நகர்த்தித் தெளிவைப் பிடிக்க வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த இடம் கூர்மையாக உள்ளது என்று தெரிந்துவிடும்.

நான்காவதுதான் பெரிய தவறு: நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தேன். இரும்பு முழுக்க வெள்ளை வெளேரென்று மின்னியது. ஒரு வரியும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி அப்போது பத்தரை. அலுத்துப்போய்த் துண்டை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். வெயில் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தது. திரையில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரிகள்! மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். மாலை வெயிலில் உழுத வயலின் சால் எடுப்பாகத் தெரியுமே, அதே விஷயம்தான். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தியதும் கருமை சற்றுக் குறைந்தது. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, கை படாமல் இருக்க 2 விநாடி டைமர் வைத்து, ஐ.எஸ்.ஓ. 200-இல் எடுத்தேன். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்தேன். ஸ்கேல் இல்லாத படத்துக்கு அளவில்லை, அளவில்லாத படம் சாட்சி ஆகாது.

படம் சொன்னது

விட்டம் குறையும் படியின் கூர்மையான மூலையில் விரிசல் ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து வரிகள் முகத்தின் பாதிக்கு மேல் பரவியிருந்தன. அந்தப் பகுதி எல்லாம் துருவேறிக் கறுத்திருந்தது. பளபளவென்று புதிதாக உடைந்தது மீதிப் பகுதி மட்டுமே. உலோகவியல் எடுக்கும் எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். துண்டையும் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஃபெடீக்தான், சந்தேகமே இல்லை. ஆனா வளைக்கிற விசை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டியா?" என்றார்.

சுழலும் ஷாஃப்டைப் பெல்ட் ஒரு பக்கமாக இழுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்கும். நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்தால் 5 மணி நேரத்தில் 1,80,000 முறை! ரயில் அச்சுகள் இப்படி உடைவதை ஜெர்மானியப் பொறியாளர் வோலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார் என்று நாமும் படித்திருக்கிறோமே.

வீட்டுக்கு வந்து, "பெல்ட் டைட்டா இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேஞ்ச பெல்ட்டு, வழுக்குது. புதுசு கேட்டேன், வாங்கல. நான்தான் மோட்டாரைத் தள்ளி இறுக்கி வச்சேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. அப்பாவுக்காக எடுத்த படம் அப்பாவின் கையையும் காட்டியது. அந்தப் பகுதியை மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்பாதான், "உள்ளதை உள்ளபடி சொல்லு" என்றார்.

மறுநாள் பெரிய அளவில் அச்சடித்த இரண்டு படங்களோடு முதலாளியிடம் போனோம். கறுத்த பகுதி பழைய விரிசல், அன்று ஒரு நாளில் உடைந்ததில்லை, மூலையில் ரேடியஸ் விடாமல் கடைந்திருக்கிறார்கள், பெல்ட் இறுக்கம் அதை வளர்த்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, "மொதலாளி, ரெண்டு மாசமா ஒரு அதிர்வு இருக்குன்னு சொன்னேனுங்களே" என்றார். முதலாளி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தப்பு என்னுது' என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை கூலி பிடிக்காமல் வந்தது. புதுப் பெல்ட்டும் வந்தது. லேத்துக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் புது ஷாஃப்டின் மூலையில் ரேடியஸ் விட்டுக் கடைந்தார். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

நண்பர்களுக்குச் சில யோசனைகள்

1. உடைந்த பாகத்தை முதலில் படம் எடுங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள். எமெரித் தாளோ, கம்பி பிரஷ்ஷோ படவே கூடாது. இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்காதீர்கள். வரிகள் நசுங்கிவிடும்.

2. வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிக் குறைந்தது நான்கு படமாவது எடுங்கள்.

3. மாக்ரோ லென்ஸ் விலை நமக்குக் கட்டாது. ஆனால் மிரர்லெஸ் கேமராவில் சென்சார் தூரம் குறைவாக இருப்பதால், 27.25 மி.மீ. தடிமனுள்ள அடாப்டர் போட்டுப் பழைய நிக்கான் லென்ஸை மாட்டலாம். நடுவே வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் சேர்த்தால் அதுவே கிட்டப் பார்க்கும். குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் என்றால் பாதி அளவு. இதில் ஃபோகஸையும் அபர்ச்சரையும் கையால்தான் திருப்ப வேண்டும். மாக்ரோவுக்கு அது குறையே இல்லை.

4. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பற்றுவைத்த இடத்தின் விரிசலையும், சிவில் நண்பர்கள் கான்கிரீட்டின் மயிரிழை வெடிப்பையும் இதே முறையில் எடுக்கலாம். ஸ்கேலை மறந்துவிடாதீர்கள்.

சின்னதுதானே என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில்தான் பெரிய உடைப்பு ஆரம்பிக்கிறது. அதைக் கிட்டப் போய்ப் பார்க்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும். நம்மைப் படிக்க வைக்கிறவர்களுக்கு நம் படிப்பு ஒரு நாளாவது இப்படி உதவினால், அந்த நாள் பரீட்சையில் வாங்கும் மார்க்கைவிடப் பெரியது. திங்கட்கிழமை மாலை கேமராவைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். 

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை