நிலத்திற்கு ஏற்ற மாடு

மாடு வளர்ப்பில் இருவகை முறைகள் உண்டு. தொழுவத்தில் கட்டித் தீவனத்தை முன்னே கொண்டுவந்து இடுவது ஒன்று. பரந்த வெளியில் விட்டு, கிடைத்ததைத் தேடி மேயச் செய்வது மற்றொன்று. இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில், கன்று ஈனும் பசுக்கள் பெரும்பாலும் இரண்டாம் முறையிலேயே வாழ்கின்றன. அங்ஙனமாயின், நிலத்தை மாட்டிற்கு ஏற்ப மாற்றுவதா, நிலத்திற்கு ஏற்ற மாட்டைத் தெரிந்தெடுப்பதா என்ற வினா எழுகிறது. தென்னாப்பிரிக்கா இவ்வினாவுக்குக் கண்ட விடை நாம் அறியத்தக்கது.

அந்நாட்டின் வடபகுதி வெப்பம் மிக்கது; முட்புதரும் புல்லும் விரவிய வெளி; மழை குறைவு; உண்ணியோ மிகுதி. ஹெரிபோர்டு, ஷார்ட்ஹார்ன் முதலிய பிரிட்டிஷ் இனங்களை ஆங்குக் கொண்டுவந்து வளர்த்தனர். குளிர்ந்த தாய்நிலத்தில் விரைவிற் கொழுக்கும் இம்மாடுகள் இங்கே தலைமுறைதோறும் மெலிந்து சிறுத்தன. காரணம் யாது?

கரடுமுரடான புல்லைச் செரிக்கும்போது மாட்டின் உடலுள்ளேயே வெப்பம் பிறக்கிறது. புறத்தே கதிரவனும் காய்கிறான். அடர்ந்த கம்பளி போன்ற உரோமம் அவ்வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. உடற்சூடு ஏறிய மாடு மேய்ச்சலை விட்டு நிழலை நாடுகிறது. மேய்ச்சல் குறையவே பால் குறைகிறது. கன்று வளர்ச்சி குன்றுகிறது. அடுத்த ஈற்றும் தள்ளிப்போகிறது. புல் இருந்தும் பசு பட்டினி கிடக்கும் நிலை இது.

யான் பான்ஸ்மா என்னும் அறிஞர், மாரா ஆராய்ச்சி நிலையத்தில் 1937-ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்தார். மாடுகளின் அழகைப் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை விடுத்து, வெயிலில் அவற்றின் உடற்சூட்டை அளந்தார். தோலையும் உரோமத்தையும் சோதித்தார். கன்றுகளை நிறுத்துப் பார்த்தார். குறுகி, வழவழப்பான உரோமமும் தடித்த தோலும் உடையவையே வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கின.

இப்பண்புகள் உள்நாட்டு ஆப்பிரிக்கானர் இனத்தில் முன்னமே அமைந்திருந்தன. நம் நாட்டு மாடுகளைப் போலத் திமில் உடைய இச்செந்நிற இனம், கொய்கொய் என்னும் பழங்குடி ஆயர்கள் வளர்த்த மாடுகளின் வழிவந்தது. ஆயினும் இது முதிர்ச்சியடையக் காலம் பிடித்தது. கன்று ஈனுவதிலும் பின்தங்கியது. ஆகவே இதன் தாங்கும் ஆற்றலையும், பிரிட்டிஷ் இனங்களின் விரைந்த வளர்ச்சியையும் ஓருடலில் இணைக்க முற்பட்டார் பான்ஸ்மா. பல கலப்புகளைச் சோதித்தபின், எட்டில் ஐந்து பங்கு ஆப்பிரிக்கானரும், எஞ்சிய மூன்று பங்கில் ஹெரிபோர்டும் ஷார்ட்ஹார்னும் சரிபாதியாகவும் அமைந்த புதிய இனம் உருவாயிற்று. அறிஞரின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இணைத்து அதற்குப் 'பான்ஸ்மாரா' என்று பெயரிட்டனர்.

இனம் உருவானதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரே இனத்திலும் எல்லா மாடுகளும் ஒரே தரத்தன அல்ல. எனவே மந்தைக்குள்ளும் தெரிவு நடந்தவண்ணம் இருத்தல் வேண்டும். பசு ஆண்டுதோறும் கன்று ஈனுகிறதா? பால் மறக்கும் பருவத்தில் கன்றின் எடை என்ன? நெடுந்தொலைவு நடந்து நீர் அருந்தி மீளக் கால்கள் வலியனவா? இவற்றைக் குறிப்பேட்டில் ஆண்டுதோறும் பதிந்து, குறையுள்ளதை விலக்குவர். ஈனாத பசு, ஈனும் பசுவின் புல்லைத் தின்கிறது என்பதை மறத்தலாகாது. பொலிகாளையின் தேர்வில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பசு ஆண்டில் ஒரு கன்றையே தரும், காளையோ பல கன்றுகளுக்குத் தந்தையாகிறது. தேர்வுக்குரிய மாடுகளுக்குத் தனியே தீவனமிட்டுக் கொழுக்கச் செய்வதும் தவறு. ஊட்டத்தால் வந்த பருமன் கன்றுக்குச் செல்லாது. எளிய மேய்ச்சலிலும் தழைக்கும் இயல்பே வழிவழியாகத் தொடரும்.

மாணவர்களே, அயல்நாட்டுச் சிறப்பை அப்படியே கொணர்தலும், உள்ளூர்ச் செல்வத்தை இகழ்தலும் எத்துறையிலும் நேரக்கூடியவை. அளந்து பார்த்து, இரண்டிலும் உள்ள நன்மையை உணர்ந்து, தம் நிலத்திற்கு ஏற்றதை உருவாக்கிக்கொள்வதே அறிவியல் நெறியாகும்.